ஜூம் வேறு, நெருக்கம் வேறு: சின்ன கேமராவில் குளோசப் படம்

பூவையோ பூச்சியையோ பெரிதாகப் படம் எடுக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "நல்லா ஜூம் பண்ணு". அடுத்த பதில், "இந்த கேமராவில் முடியாது, மேக்ரோ லென்ஸ் வாங்கணும்". முதல் யோசனையைக் கேட்டால் படம் மங்கும். இரண்டாவதைக் கேட்டால் பணம் கரையும். சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவைப் பொறுத்தவரை இரண்டுமே தவறான யோசனைகள்.

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இளையர்களிடம் இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அப்பாவின் அலமாரியில் கிடந்ததைத் தூசு தட்டி எடுத்தவர்கள் உண்டு, கரோசெல் இணையச் சந்தையில் சல்லிசாக வாங்கியவர்களும் உண்டு. அதை வைத்து நண்பர்களை எடுக்கிறார்கள், சாப்பாட்டை எடுக்கிறார்கள். நெருக்கப் படம் என்று வந்ததும் "இதுக்கு இது சரிப்படாது" என்று கீழே வைத்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன கேமரா நன்றாகச் செய்யக்கூடிய வேலைகளில் முதல் இடம் நெருக்கப் படத்துக்குத்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கண்ணுக்கும் ஓர் எல்லை

மருந்துப் புட்டியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க அதைக் கண்ணருகே கொண்டு வருகிறோம். கிட்டே வர வர எழுத்து பெரிதாகிறது. ஆனால் ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால், எழுத்து பெரிதாக இருந்தும் படிக்க முடிவதில்லை, கலங்கிப் போகிறது. அந்த எல்லை சராசரியாக 25 செமீ என்று பாடநூல்கள் வைத்துக்கொள்கின்றன. குழந்தைகளுக்கு அது இன்னும் கிட்டே. நாற்பதைத் தாண்டினால் மெல்ல மெல்லத் தள்ளிப் போய், கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் நிலை வருகிறது.

கேமராவிலும் இதேதான் நடக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் சென்சார் இருக்கிறது. வந்து விழும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு அது. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, சென்சாரிலும் ஒரே புள்ளியில் வந்து கூடினால் படம் கூர்மையாக இருக்கும். அப்படிக் கூடச் செய்வதுதான் ஃபோகஸ். எவ்வளவு கிட்டே வரை ஒரு லென்ஸால் இதைச் செய்ய முடியுமோ, அந்த எல்லைக்குப் பெயர் மிகக்குறைந்த ஃபோகஸ் தூரம்.

ஆக, நெருக்கப் படத்துக்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். பொருள் பெரிதாகத் தெரிய வேண்டும், தெரிவது கூர்மையாகவும் இருக்க வேண்டும். கிட்டே போனால் முதலாவது கிடைத்துவிடும். இரண்டாவது கிடைக்குமா என்பதை அந்த எல்லைதான் முடிவு செய்கிறது.

லென்ஸ் ஏன் நகர வேண்டும்

பொருள் லென்ஸை நெருங்க நெருங்க, அதன் ஒளி லென்ஸைக் கடந்து கூடும் இடம் பின்னுக்குப் போகிறது. கண்ணாக இருந்தால் உள்ளிருக்கும் வில்லை தன் வடிவத்தை மாற்றிச் சமாளிக்கும். கேமராவின் கண்ணாடிக்கு அந்த வித்தை தெரியாது. சென்சாரும் இருந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. எனவே கேமராவுக்கு இருக்கும் ஒரே வழி, லென்ஸை முன்னால் நகர்த்தி இடைவெளியைக் கூட்டுவது. எவ்வளவு நகர்த்த இடம் இருக்கிறதோ அவ்வளவு கிட்டே ஃபோகஸ் செய்யலாம். மிகக்குறைந்த ஃபோகஸ் தூரம் என்ற எல்லை பிறப்பது இந்த இடத்தில்தான்.

இன்னும் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். வெகு தொலைவில் இருக்கும் பொருளின் ஒளி, லென்ஸுக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டரில் கூடுகிறதோ, அதுதான் அந்த லென்ஸின் குவியத் தூரம். உங்கள் கேமராவின் முகப்பிலேயே அது எழுதியிருக்கும். ஐந்து மடங்கு ஜூம் உள்ள சாதாரண காம்பாக்டில் அது ஏறக்குறைய 5 மிமீயில் தொடங்கி 25 மிமீ வரை போகும். ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் 5, முழு ஜூமில் 25.

ஜூம் ஏன் கைவிடுகிறது

இப்போது கணக்குக்கு வருவோம். உண்மையான லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் அடுக்கப்பட்டிருக்கும். புரிவதற்காக ஒரே கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூ லென்ஸிலிருந்து 5 செமீ தொலைவில் இருக்கிறது.

ஜூம் செய்யாமல் 5 மிமீயில் இருந்தால், அந்தப் பூவின் ஒளி லென்ஸுக்குப் பின்னால் சுமார் 5.6 மிமீயில் கூடும். அதாவது லென்ஸ் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தால் போதும். சின்ன மோட்டாருக்கு அது ஒரு வேலையே இல்லை.

அதே இடத்தில் நின்று முழு ஜூம் செய்கிறீர்கள், குவியத் தூரம் 25 மிமீ ஆகிறது. இப்போது அதே பூவின் ஒளி 50 மிமீயில்தான் கூடும். லென்ஸ் 25 மிமீ முன்னால் வர வேண்டும். மெல்லிய காம்பாக்ட் கேமரா ஒன்றின் முழுத் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு எங்கே இடம் இருக்கிறது? மோட்டார் அங்குமிங்கும் ஓடித் தேடிவிட்டு, சிவப்புக் கட்டத்தையோ மஞ்சள் கட்டத்தையோ காட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்.

சரி, முழு ஜூமில் அதே அரை மில்லிமீட்டர் சொச்சம் மட்டும் நகர்ந்தால் எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகும்? ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு மீட்டர் தள்ளி நின்று முழு ஜூமில் எடுத்தால் படத்தின் அகலத்தில் 24 செமீ பரப்பு அடங்கும். ஜூமே செய்யாமல் 5 செமீயில் எடுத்தால் 5.5 செமீ பரப்பு அடங்கும். அதே கேமரா, அதே பூ. ஜூம் செய்யாத படத்தில் பூ நான்கு மடங்குக்கும் மேல் பெரிதாக விழுகிறது.

நம் சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1981ல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அந்தப் பூவின் அகலம் சுமார் 5 செமீ. அகலக் கோணத்தில் 5 செமீ தூரத்தில் வைத்தால் அது படத்தைக் கிட்டத்தட்ட முழுதாக நிறைத்துவிடும். முழு ஜூமில் ஒரு மீட்டர் தள்ளி எடுத்தால் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான் தேறும்.

டிஜிட்டல் ஜூமைப் பற்றி ஒரே வரி: அது லென்ஸைத் தொடுவதே இல்லை, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

ஜூம் என்பது தொலைவில் இருப்பதைக் கிட்டே கொண்டு வரும் கருவி. கிட்டே இருப்பதை இன்னும் பெரிதாக்க, ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுத்துவிட்டு நீங்கள்தான் முன்னால் போக வேண்டும். இந்தப் பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் மனத்தில் வைப்பதானால் இதை வையுங்கள்.

டியூலிப் பூப் படம் போட்ட பொத்தான்

கேமராவின் பின்பக்கத்தில் சின்ன டியூலிப் பூ வரைந்த ஒரு பொத்தான் இருக்கும். மேக்ரோ முறை என்பது அதுதான். அது எதையும் பெரிதாக்குவதில்லை. கேமராவிடம் "கிட்டே இருக்கிற தூரங்களிலும் தேடு" என்று சொல்கிறது, அவ்வளவே. சாதாரண முறையில் நேரம் வீணாகாமல் இருக்க, அரை மீட்டருக்கு உள்ளே இருப்பதைப் பல கேமராக்கள் தேடுவதில்லை. பொத்தானை அழுத்தியதும் அந்தத் தடை நீங்குகிறது.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பது மாடலைப் பொறுத்தது. 1999ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 அந்தக் காலத்திலேயே 2 செமீ வரை போனது. கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ் வரிசையில் சில மாடல்களுக்கு 0 செமீ என்றே போட்டிருப்பார்கள், பொருள் கண்ணாடியைத் தொட்டாலும் ஃபோகஸ் ஆகும். ஒலிம்பஸ் டஃப் வரிசையில் வரும் டிஜி கேமராக்களில் மைக்ரோஸ்கோப் முறை என்று ஒன்று உண்டு. 1 செமீ தூரத்தில் நின்றபடியே ஜூமும் செய்யலாம். மேலே சொன்ன விதிக்கு அது ஓர் அபூர்வ விலக்கு, அதற்கென்றே லென்ஸை வடிவமைத்திருக்கிறார்கள்.

கையேட்டில் "மேக்ரோ: 5 செமீ முதல், அகலக் கோணம்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த "அகலக் கோணம்" என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். பக்கத்திலேயே முழு ஜூமுக்கு 40 செமீ, 60 செமீ என்று வேறொரு எண் இருக்கும். காம்பாக்ட் கேமராக்களில் இந்தத் தூரத்தை லென்ஸின் முன்முனையிலிருந்து அளக்கிறார்கள், பெரிய கேமரா லென்ஸ்களில் சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கைப்பேசிகளும் இதே வழியைத்தான் பிடித்திருக்கின்றன. 2021ல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ 2 செமீ வரை நெருங்கி எடுக்கிறது. அதற்கு அது பயன்படுத்துவது ஜூம் லென்ஸை அல்ல, இருப்பதிலேயே குவியத் தூரம் குறைந்த மீஅகலக் கோண லென்ஸை.

சின்ன சென்சார் தரும் சலுகை

பெரிய கேமராக்காரர்கள் "ஒன்றுக்கு ஒன்று" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். சென்சாரில் விழும் உருவத்தின் அளவை, பொருளின் உண்மையான அளவால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 10 மிமீ எறும்பின் உருவம் சென்சாரிலும் 10 மிமீ இருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று.

இந்த எண்ணை வைத்து காம்பாக்ட் கேமராவை மட்டம் தட்டுவதில் அர்த்தமில்லை. ஃபுல் ஃப்ரேம் எனப்படும் முழுச் சட்ட கேமராவின் சென்சார் 36 மிமீ அகலம். சாதாரண காம்பாக்டில் சுமார் 6 மிமீதான். 36 மிமீ அகலமுள்ள ஓர் இலையைக் கொண்டு படத்தை நிறைக்கப் பெரிய கேமராவுக்கு ஒன்றுக்கு ஒன்று தேவை, விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் தேவை. சின்ன கேமரா ஆறில் ஒரு பங்கு உருப்பெருக்கத்திலேயே அதே இலையைப் படம் முழுக்க நிறைத்துவிடும். திரையில் பார்க்கும் ஆளுக்கு இலையின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

உங்கள் கேமராவின் திறனை அறியப் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்று போதும். மேசையில் வைத்து, மேக்ரோ முறையில், ஜூம் இல்லாமல், ஃபோகஸ் ஆகும் மிகக் கிட்டத்தில் எடுங்கள். படத்தின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். அளவுகோல் இல்லையா? நம் 5 காசு நாணயத்தின் விட்டம் 16.75 மிமீ, ஒரு வெள்ளி நாணயம் 24.65 மிமீ. 5 காசு படத்தின் பாதி அகலத்தைப் பிடித்தால் உங்களிடம் இருப்பது நல்ல கேமரா. மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும். மெகாபிக்சல் கூடுவதால் கேமரா ஒரு மில்லிமீட்டர்கூடக் கிட்டே போவதில்லை.

கூர்மைக்கும் ஒரு கனம் உண்டு

கிட்டே எடுத்த படத்தில் வண்டின் தலை தெளிவாகவும் வால் புகைபோலவும் இருந்தால், கை நடுங்கிவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அது அல்ல. ஃபோகஸ் ஆன இடத்துக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட கனத்துக்குத்தான் படம் கூர்மையாகத் தெரியும். இந்தக் கனத்துக்குப் பெயர் புல ஆழம். தெருவைப் படம் எடுக்கும்போது அது பல மீட்டர் இருக்கும், நாம் கவனிப்பதே இல்லை. நெருக்கப் படத்தில் அது மில்லிமீட்டர் கணக்குக்குச் சுருங்கிவிடுகிறது. தூரம் பாதியானால் கனம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது.

மேலே சொன்ன 5 மிமீ லென்ஸில், 5 செமீ தூரத்தில், துளை எஃப் 2.8 என்று இருந்தால் இந்தக் கனம் சுமார் 2.5 மிமீ. 2 செமீ வரை போனால் அரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். துளை என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயில். அதன் எஃப் எண் கூடக் கூட வாயில் சுருங்கும், புல ஆழம் வளரும்.

இங்கேயும் சின்ன சென்சாருக்குச் சலுகை உண்டு. அதே பூ, அதே அளவில் படத்தை நிறைக்க, முழுச் சட்ட கேமராவில் எஃப் 16 வரை துளையைச் சுருக்கினால்தான் காம்பாக்ட் கேமரா எஃப் 2.8ல் தரும் ஆழம் கிடைக்கும். துளையை அவ்வளவு சுருக்கினால் வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் போட்டாக வேண்டும். சின்ன கேமரா அதைச் சாதாரணப் பகல் வெளிச்சத்திலேயே செய்துவிடுகிறது. நெருக்கப் படத்துக்கு அது பொருத்தமானது என்று நான் அடித்துச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இருக்கிற 2.5 மிமீயை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் கையில். சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியைச் சாய்வாக எடுத்தால் ஒரு சிறகு தெளியும், மறு சிறகு கரையும். கேமராவின் முதுகு சிறகுகளுக்கு இணையாக இருக்கும்படி நேர் மேலிருந்து எடுத்தால் இரண்டும் அந்தக் கனத்துக்குள் அடங்கிவிடும். எதை எடுத்தாலும், எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறதோ அதற்கு நேராக கேமராவைப் பிடியுங்கள். உயிருள்ளதாக இருந்தால் கண்ணில் ஃபோகஸ் விழட்டும். கண் தெளிந்தால் மற்றது மங்கினாலும் படம் நிற்கும்.

பச்சைக் கட்டத்தை எவ்வளவு நம்பலாம்

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் ஃபோகஸ் தேடும் முறை எளிமையானது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த இடத்தில் மிகவும் கூர்மையாக இருக்கிறதோ அங்கே நிறுத்துகிறது. அதனால் வரிகளே இல்லாத வெள்ளை இதழில் அது திணறும். மெல்லிய காம்புக்குப் பின்னால் கம்பி அழி தெரிந்தால் அழியைப் பிடித்துக்கொண்டு பச்சைக் கட்டம் காட்டும். பச்சைக் கட்டம் என்றால் "ஏதோ ஒன்று தெளிவாகிவிட்டது" என்றுதான் அர்த்தம். நீங்கள் நினைத்தது தெளிவாயிற்றா என்பதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, பொருள் இருக்கும் அதே தூரத்தில் ஓர் இலை விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். விரலை எடுக்காமல் கேமராவைப் பூவின் பக்கம் திருப்பி, மூச்சு விடும் வேகத்தில் உடம்பை மெல்ல முன்னால் சாய்த்துக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். ஒன்றாவது சரியான இடத்தில் விழும். தொடர்ந்து எடுக்கும் வசதி கேமராவில் இருந்தால் இன்னும் சுலபம்.

கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு காலை

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுசேரும் இடம் ஒன்றைப் பார்ப்போம். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இலை திடீரென்று ஓரத்தில் அரித்துப் போகும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும் செடிகள். முட்டை வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் உருண்டையாக இலையில் ஒட்டியிருக்கும். இளம்புழு பறவை எச்சத்தைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் விடும்.

அந்த இளம்புழுவை எடுக்க வேண்டும். டியூலிப் பொத்தானை அழுத்தியாயிற்று, ஜூம் இல்லை, ஃபிளாஷை அணைத்தாயிற்று. ஃபிளாஷை ஏன் அணைக்க வேண்டும்? லென்ஸுக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால் 3 செமீ தூரத்தில் லென்ஸ் குழாயின் நிழல் படத்தில் பிறைபோல விழும். நிழல் விழாத பகுதி வெளுத்துப் போகும்.

அடுத்து வெளிச்சம். தாழ்வாரத்தின் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, மறுபக்கம் சுவர். சுவர்ப் பக்கம் நீங்கள் இருக்க வேண்டும், வெளிச்சம் எதிரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ புழுவின் மேல் விழ வேண்டும். வெளிச்சத்தின் பக்கம் நின்றால் உங்கள் கேமராவே குடையாகி மறைத்துவிடும். நெருக்கப் படங்கள் பலவும் இருண்டு போவதற்கு இதுதான் காரணம், கேமராவின் தரம் அல்ல. உங்கள் பக்கம் இருட்டாகத் தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்கு இந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள். பட்டுத் திரும்பும் வெளிச்சம் புழுவின் அடிவயிறு வரை காட்டும். இந்த வெள்ளைத் தாள் செய்யும் வேலையை எந்த விலை உயர்ந்த துணைக்கருவியும் இதைவிடச் சிறப்பாகச் செய்வதில்லை.

காற்றடித்தால் கிளை ஆடும். துணிக் கவ்வியால் கிளையை ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடலாம். முழங்கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றுங்கள். முடிந்தால் கேமராவையே ஒரு பாசிப்பயறுப் பொட்டலத்தின் மேல் வைத்து, 2 வினாடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவுகூட இந்தத் தூரத்தில் படத்தில் தெரியும்.

இப்படி எடுத்த படத்தில் புழுவின் முகம் உடம்பைவிடப் பெரிதாக, எதிரே வந்து நிற்பது போல இருக்கும். அதன் பின்னால் இலை, தொட்டி, எதிர் புளோக்கின் சன்னல்கள் வரை மங்கலாகத் தெரியும். அகலக் கோணத்தில் கிட்டே போனால் இப்படித்தான் வரும். பின்னணியைக் கரைத்துவிட்டுப் பூச்சியை மட்டும் காட்டும் படங்களைவிட, அது எங்கே வாழ்கிறது என்று காட்டும் இந்தப் படங்களே எனக்குப் பிடிக்கும். நகரத்துப் பூச்சிக்கு நகரமும் படத்தில் இருக்க வேண்டும்.

வாசிப்புக் கண்ணாடியை கேமராவுக்கும் போடலாம்

எல்லாம் சரி, 3 செமீ கிட்டே போனால் பறந்துவிடும் பூச்சிக்கு என்ன செய்வது? ஜூம் செய்து தள்ளி நின்றால் ஃபோகஸ் ஆகாது என்று பார்த்தோம். மருந்துப் புட்டியைக் கையை நீட்டிப் படிக்கும் அந்தப் பெரியவர் என்ன செய்கிறார்? வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். கேமராவுக்கும் அதே வைத்தியம்தான். லென்ஸுக்கு முன்னால் வைக்கும் இந்தக் கண்ணாடிக்குக் குளோசப் லென்ஸ் என்று பெயர்.

மூக்குக் கண்ணாடியைப் போலவே இதன் திறனையும் டயாப்டரில் சொல்வார்கள். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை செமீயில் ஃபோகஸ் ஆகும் என்பது கிடைக்கும். 4 டயாப்டர் என்றால் 25 செமீ, 10 டயாப்டர் என்றால் 10 செமீ. ஒரு மீட்டருக்குள் எதையும் பார்க்க முடியாமல் இருந்த முழு ஜூம், 10 டயாப்டர் கண்ணாடியை முன்னால் வைத்ததும் 10 செமீ தூரத்தில் தெளிவாகப் பார்க்கிறது. படத்தின் அகலத்தில் 24 செமீக்குப் பதிலாக இப்போது 2.5 செமீ பரப்புதான் அடங்கும். பூச்சி பயப்படாத தூரம், நிழல் விழாத தூரம், பின்னணியும் கரைகிறது. அதாவது ஜூம் இப்போதுதான் நெருக்கப் படத்துக்கு உதவ ஆரம்பிக்கிறது.

ரேநாக்ஸ் டிசிஆர் 250 என்ற 8 டயாப்டர் லென்ஸ் பலரும் விரும்பி வாங்குவது. அது கவ்விக்கொள்வது பெரிய லென்ஸ் முனைகளில், சின்ன கேமராவில் கையால்தான் பிடிக்க வேண்டும். செலவு செய்யுமுன் வீட்டில் இருக்கும் 2 அல்லது 3 டயாப்டர் வாசிப்புக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் நேராகப் பிடித்து, முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள். ஓரங்கள் கலங்கலாக வரும், நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். அது பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம்.

எங்கே போகலாம், எதைக் கவனிக்க வேண்டும்

பூமலையே தொடங்க நல்ல இடம். 1859ல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்கா 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. உள்ளே தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் வாண்டா மிஸ் ஜோக்கிமை எடுத்துப் பழகலாம். ஹார்ட்பார்க்கில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே தோட்டம் இருக்கிறது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைப் பல பூங்காக்களிலும் காணலாம், கடிக்கும் என்பதால் கூட்டில் கை வைக்க வேண்டாம். உயிரில்லாதவையில் பழக விரும்பினால் தேக்கா பூக்கடைகளில் கட்டி வைத்த மல்லிகைச் சரத்தின் நார் முடிச்சு அற்புதமான பொருள். கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டு எடுங்கள். பூங்காக்களில் பூவைப் பறிப்பதோ, உயிரினங்களைப் பிடிப்பதோ சட்டப்படி குற்றம். படத்துக்காகப் பூச்சியைக் குளிரூட்டி மரத்துப்போக வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கொடுமை, செய்யவே கூடாது.

நேரம் முக்கியம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நடுப்பகல் வெயில் செங்குத்தாக விழுந்து, இதழின் மேற்புறம் வெளுத்து அடிப்புறம் கறுத்துவிடும். காலை 8, 9 மணிக்குப் பூச்சிகளும் சற்று மந்தமாக இருக்கும், வெளிச்சமும் சாய்வாக வரும். மேகமூட்டமான நாள் அதைவிட நல்லது. இருட்டில், சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 400க்கு மேல் ஏற்றினால் சின்ன சென்சாரில் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும், அப்போது ஐஎஸ்ஓவை ஏற்றுவதைவிட கேமராவை எதன்மேலாவது ஊன்றுவது மேல்.

குளிர்சாதன அறையிலிருந்தோ எம்ஆர்டியிலிருந்தோ வெளியே வந்த உடனே கேமராவை எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் பனி படர்ந்து, எல்லாப் படமும் மூடுபனியில் எடுத்தது போல இருக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பனி பையின் வெளிப்புறத்தில் படியும். அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம். துடைக்க வேண்டியிருந்தால் மென்துணியால் மட்டும் துடையுங்கள், சட்டை நுனியால் வேண்டாம். வீட்டில் கேமராவைத் தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள், ஈரம் ஏறிய பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.